பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது

சிம்பாங் ரெங்கம்
செவ்வாய், 31 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பா,

உங்கள் வலது கண்ணின் ஓரத்தில், மூக்கை ஒட்டிய பக்கம், இமைமேல் மஞ்சளாக ஒன்று இருக்கிறது. நேற்று மூன்று மணிக்கு நான் கடையிலிருந்து வந்தபோது நீங்கள் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வெயில் முகத்தில் விழுந்தது. திரையை இழுத்துவிடக் குனிந்தபோது பார்த்தேன். மஞ்சள்தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைக்கப் போனேன். தூள் இல்லை. தோலுக்கு அடியில் இருக்கிறது, ஓர் அரிசி அளவுக்கு.

அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மாலையில் விளக்கேற்றும்போது தெரிந்துவிட்டது. சுவரில் மாலை போட்டிருக்கும் பெரியப்பா படத்தில், இரண்டு கண்ணிலும் அதே மஞ்சள்.

இன்று கடையில் முதலாளி ஜாஹிதா அக்காவிடம், வேறு யாருக்கோ இருப்பதுபோலக் கேட்டேன். "அது கொழுப்பும்மா. ரத்தத்துல கூடிப்போனா சில பேருக்குக் கண்ணுல காட்டும். யாரா இருந்தாலும் உடனே ரத்தம் பாக்கச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு நான் பிசைந்த மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

பெரியப்பா உங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில்தான் வேலை செய்தார். பாய்லர் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. உங்களுக்கு இப்போது நாற்பத்தேழு.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று, இனி என்னிடம் பேசமாட்டேன் என்று முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தீர்கள். இரண்டு வருடமாகப் பூனையிடம்தான் பேசுகிறீர்கள். "மைலோ, சோறு இருக்கான்னு கேளு. மைலோ, லைட்ட அணைக்கச் சொல்லு." நானும் மைலோவுக்குத்தான் பதில் சொல்கிறேன். இதை மைலோவிடம் சொல்லி அனுப்ப முடியாது. அதனால் எழுதி, மேசையில் சாப்பாட்டை மூடும் கூடைக்குள் வைக்கிறேன். நீங்கள் இரவு வேலை முடிந்து வரும்போது நான் கடைக்குப் போயிருப்பேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சிங்கப்பூரில், வேலை செய்யும் இடத்திலேயே அழ ஆரம்பித்துவிடுவார். கிளினிக்குக்குப் போய் ரத்தம் பாருங்கள், அப்பா.

லோஷினி


புதன், 1 ஜனவரி 2025

பெறுநர்: சமையலறை.

பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று முருகனிடம் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதம் செல்லும்.

கண்ணில் இருப்பது கொசு கடித்தது. கொசு கடித்தால் மஞ்சளாக வீங்குமா என்று கேட்காதே. எங்கள் ஆலைக் கொசு எண்ணெய் குடித்து வளர்ந்தது, அப்படித்தான் வீங்கும்.

மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள் எப்போது டாக்டர் ஆனாள்? நான்காம் படிவத்துக்கு நான் வாங்கிய பள்ளிக்கூடச் சப்பாத்து இன்னும் காலில் ஏறாமல் பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு வலிக்கும். வேறு வலி எதுவும் கிடையாது.

அண்ணன் சதாசிவம் கதை வேறு. அவர் குடித்தார், புகைத்தார். எனக்கு இரண்டும் இல்லை. தேத்தண்ணி ஒன்றுதான்.

நாளைக்கு மீன் குழம்பில் புளி கொஞ்சம் கூடட்டும்.

காளிதாஸ்


சனி, 4 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

புளி கூட்டிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு, நடந்ததை மட்டும் சொல்கிறேன். மலாய் வகுப்பில் என் முறை வரும்போது எழுந்து நிற்பேன். புத்தகம் தெரியும், வரி தெரியும், குரல் மட்டும் வராது. பின்னால் மேசையைத் தட்டுவார்கள். ஒருநாள் எழுந்து நின்றவள் அப்படியே வெளியே வந்துவிட்டேன். இப்போது கடையின் பின்கட்டில் மாவு பிசைகிறேன். மாவு என்னை எதுவும் வாசிக்கச் சொல்வதில்லை.

ஆனால் மாவைப் பற்றி ஒன்று தெரியும், அதை எழுதலாம். வேலை முடிந்து வரும் வழியில் அய்யாவு மாமா கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிடுகிறீர்கள். மேலே தால்ச்சாக் குழம்பு, கூடவே கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி, தே தாரிக். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் எவ்வளவு மார்ஜரின் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கடையில் அதை வைப்பது நான்தான். எண்ணெயில் ஊறப்போடுவதும் நான்தான். அய்யாவு மாமா கடையிலும் வேறு மாதிரி இருக்காது.

பெரியப்பா குடித்தார், உண்மைதான். அந்த மஞ்சள் குடியால் வந்தது என்று யாரும் சொல்லவில்லையே?

இன்று சனிக்கிழமை. நாளைக்கு அம்மா வருவார். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போவதாக நீங்கள் எழுதி வைக்காவிட்டால் நான் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். நான் இதுவரை யாரையும் மிரட்டியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

லோஷினி


வியாழன், 16 ஜனவரி 2025

பெறுநர்: சமையலறை, மிரட்டல் பிரிவு.

போனேன். ரத்தம் கொடுத்தேன். இன்று முடிவு சொன்னார்கள். கெட்ட கொழுப்பு 5.6. அதில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டுமாம்.

டாக்டர் ஒரு சின்ன மலாய்ப் பெண். என் கண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன் எந்த வயசுல இறந்தாரு?" என்று கேட்டது. அண்ணன் நெஞ்சு வலியில் போனதை மட்டும்தான் சொல்லியிருந்தேன், கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீயும் அதுவும் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்களோ?

உடனே மாத்திரை தொடங்க வேண்டுமாம். தொடங்கினால் நிறுத்தவே கூடாதாம். "கல்யாணம் மாதிரியா?" என்றேன். சிரிக்கவில்லை. எனக்கு மாத்திரை வேண்டாம். ஆலையில் மாத்திரை டப்பாவோடு வருகிறவனைப் பாய்லர் பக்கம் விடமாட்டார்கள், பெருக்கத்தான் விடுவார்கள். பேசிப் பேசி மூன்று மாதம் தவணை வாங்கினேன். சாப்பாட்டையும் நடையையும் வைத்துக் குறைத்துக் காட்டுகிறேன் என்றேன். டாக்டருக்கு விருப்பமில்லை. "இது உங்க நல்லதுக்கு இல்ல பாக்சி" என்று மாமா முறை சொல்லி, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே எழுதியது. ஏப்ரலில் மறுபடியும் ரத்தம்.

ஒரு தாள் கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேக நடை. எவ்வளவு வேகம் என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவாம். நான் உட்கார்ந்திருக்கும்போதே பாட முடியாதவன். அப்படியென்றால் நாற்காலியில் இருப்பதே எனக்கு உடற்பயிற்சிதான்.

சாப்பாட்டுக்கு நானே வழி கண்டுபிடித்துவிட்டேன். தைப்பூசம் வருகிறது. நாளை முதல் விரதம், பால்குடம் எடுக்கிறேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. பிறகு கொழுப்பு எந்த வழியாக உள்ளே வரும்? தைப்பூசம் முடிந்தாலும் ஏப்ரல் வரை சைவம்தான். முருகனுக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு.

சமையல் உன் பொறுப்பு. சைவம் என்று சொல்லி நாக்கைச் சாகடித்துவிடாதே.

காளிதாஸ்


வெள்ளி, 24 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் கிளினிக்குக்குப் போனதற்கு நன்றி. அன்று பூஜை மேடையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றேன்.

சைவ மட்டன் பிரட்டல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தட்டைப் பார்த்தால் தெரிகிறது. சீனர் கடையில் உறைய வைத்து விற்கும் சோயாப் பொட்டலம்தான். பொரித்துவிட்டுத் தேங்காய்ப்பாலில் பிரட்டினால் ஆட்டிறைச்சி மாதிரியே இருக்கிறது. நேற்று குருமா, இன்று நெய்ச்சோறும் பருப்பு வடையும். ஞாயிற்றுக்கிழமை அம்மா பாயாசம் வைப்பார். நீங்கள் திருப்தியாகச் சாப்பிடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. மீன் பொரித்த சட்டியைவிட இந்தச் சட்டி அதிகம் வழுக்குகிறது. சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் கையில் பிசுபிசுப்பு போகவில்லை. இறைச்சியே இல்லாத சட்டி ஏன் இப்படி இருக்க வேண்டும்? தேங்காய்ப்பாலைக் குறைத்து ஒருநாள் வைத்துப் பார்க்கட்டுமா?

நடக்கிறீர்களா? காலையில் நான் வீட்டில் இல்லாததால் தெரியவில்லை.

லோஷினி


புதன், 12 பிப்ரவரி 2025

பெறுநர்: சமையலறை.

நேற்றுப் பால்குடம் நல்லபடி முடிந்தது. நீ கூட்டத்துக்குப் பயந்து வரவில்லை, அம்மா சொன்னாள். குளுவாங் கோயில்வரை வெறுங்காலில் நடந்தேன். தார் ரோடு சுட்டுக் கால் கொப்பளித்திருக்கிறது. மூச்சு வாங்கவே இல்லை. வழியெல்லாம் அரோகரா போட்டுப் பாடிக்கொண்டே போனேன். உன் பெரியப்பாவால் இது முடிந்திருக்குமா?

தேங்காய்ப்பாலைக் குறைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். குறைக்காதே. தேங்காய் சாமிக்கு உடைக்கிற பொருள். அதில் என்ன கெடுதல் இருக்கும்? ஒரு சட்டி வழுக்கியதற்காக முருகனைச் சந்தேகப்படுகிறாய்.

கால் ஆறும்வரை நடைக்கு லீவு. அதற்குப் பிறகு தினமும் போவேன்.

காளிதாஸ்


வியாழன், 6 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

நோன்பு மாதம் என்பதால் கடை பகலில் மூடியிருக்கிறது. பிற்பகல்தான் எனக்கு வேலை. அதனால் இந்த வாரம் நீங்கள் நடக்கப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கைலி கட்டி, ஜப்பான் செருப்புப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறீர்கள். நம் தாமான் குடியிருப்பின் கேட்டைத் தாண்டி, திடலுக்குப் போகாமல், அய்யாவு மாமா கடைப் பக்கம் திரும்புகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வருகிறீர்கள்.

நான் வேவு பார்க்கவில்லை. துணி காயப்போடும் கம்பி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மஞ்சள் இடது கண்ணிலும் வந்துவிட்டது. நீங்கள் கண்ணாடியில் பார்த்தீர்களா? நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன், பிறகுதான் துணி துவைக்கப் போகிறேன். ஏப்ரல் எப்போது வரும் என்றும் இருக்கிறது, வரக்கூடாது என்றும் இருக்கிறது.

லோஷினி


வியாழன், 17 ஏப்ரல் 2025

சமையலறைக்கு,

5.9.

மூன்று மாதம் வாயைக் கட்டினேன். அய்யாவு கடையில் கோழிக் கறி வாசம் மூக்கில் இடிக்கும், "மச்சான், மீசையில மட்டும் கொஞ்சம் தடவிக்க லா" என்று எல்லாரும் கேலி செய்வார்கள். தொடவில்லை. எனக்குத்தான் ஏறியிருக்கிறது, தொட்டவன் எல்லாம் நன்றாக இருக்கிறான். மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றேன். "மெஷின் நல்லா இருக்கு. என்ன சாப்பிட்டீங்க?" என்றது அந்த டாக்டர். சைவம் என்றேன். "சமைக்கிறது யாரு?"

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு ஆலோசகர் வருகிறாராம். சமைக்கிறவரை அழைத்து வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு லீவு இல்லை.

பத்து மணிக்கு. நீயே வந்துவிடு, நான் ஆலையிலிருந்து நேராக வருகிறேன். வரப் பயமாக இருந்தால் எழுதி வை, நானே ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

காளிதாஸ்


புதன், 23 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

நேற்று கிளினிக்கில் நடந்ததற்குத்தான் நீங்கள் சாப்பிடாமல் போனீர்கள் என்று நினைக்கிறேன். நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். என் மேல் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நான் பஸ்ஸில் வந்தேன். அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். நீங்கள் சுவரில் இருந்த டெங்கிக் கொசு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆலோசகரான அந்தச் சீன அம்மா உள்ளே கூப்பிட்டு, மலாயில், "யாரு சமைக்கிறது? நீயா? இவ்வளவு சின்னப் பிள்ளையா!" என்றார். எனக்கு வகுப்பில் வருகிற மாதிரியே வந்தது. குரல் வரவில்லை. அவர் காத்திருந்தார். மேசையைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓர் அளவுக் குவளையை என் கையில் கொடுத்து, "பேச வேணாம். தேங்காய்ப்பால் எவ்வளவு ஊத்துவேன்னு தண்ணியில காட்டு" என்றார்.

குழாயைத் திறந்து பிடித்தேன். குவளை நிரம்பியது.

"இது எத்தனை பேருக்கு?"

"அப்பாவுக்கு."

"அலமாக்!" என்றார். பிறகு நெய்யைக் காட்டச் சொன்னார். பொரிக்கும் எண்ணெயைக் காட்டச் சொன்னார். காட்டக் காட்ட எனக்குக் குவளை கனத்தது. இறைச்சி இல்லாத சட்டி ஏன் வழுக்கியது என்பது அப்போது புரிந்தது. "தேங்காய்க்குள்ள கொலஸ்ட்ரால் இல்ல, அது உண்மைதான். ஆனா அந்தக் கொழுப்பு உள்ள போனா ஈரல் ரத்தத்துல இருக்கிற கெட்டத வெளியாக்காது, சேத்து வச்சிரும். நெய்யும் அப்படித்தான். சைவமா அசைவமான்னு பாக்காதீங்க. சட்டியில என்ன ஊத்துறீங்கன்னு பாருங்க" என்றார். நீங்கள் கூரையில் மின்விசிறியைப் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் நடையைப் பற்றிக் கேட்டார். நீங்கள் "தினமும் ஒரு மணி நேரம்" என்றீர்கள். "மூச்சு வாங்குமா?" என்று கேட்டதற்கு, "சே, எனக்கு நல்ல மூச்சு" என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பி, "உண்மையா, தங்கச்சி?" என்றார்.

"அய்யாவு மாமா கடை வரைக்கும்தான். அங்க உக்காந்து தே குடிப்பாங்க."

சொன்னது நான்தான். மலாயில், தெளிவாக, அறை முழுதும் கேட்கிற மாதிரி. வகுப்பில் ஒரு வரிக்கு வராத குரல் உங்களைக் காட்டிக்கொடுக்க வந்துவிட்டது. நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். நான் மன்னிப்புக் கேட்க ஓடி வந்தேன். அதற்குள் உங்கள் மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது.

அவர் சொன்னபடி இன்று வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பால் இல்லாமல் பருப்பும் வெண்டைக்காயும் போட்ட குழம்பு, ஆவியில் வேகவைத்த கெம்போங் மீன், கங்கோங் கீரை. காலைக்கு ஓட்ஸ் கஞ்சி, சின்ன வெங்காயம் போட்டது. தயவுசெய்து சாப்பிடுங்கள்.

லோஷினி


வெள்ளி, 2 மே 2025

அன்புள்ள அப்பா,

இந்த வாரம் முழுவதும் கூடையைத் தூக்கினால் நான் மூடிவைத்தது அப்படியே இருக்கிறது. கஞ்சிக் கோப்பை மட்டும் காலியாகக் கழுவி வைத்திருக்கிறது. நீங்கள் குடிக்கிறீர்களா, மைலோவுக்கு ஊற்றுகிறீர்களா?

திங்கட்கிழமைக்குப் பிறகு நீங்கள் மைலோவிடம்கூடப் பேசவில்லை. அது உங்கள் செருப்பின் மேல் படுத்துக்கொண்டு கதவையே பார்க்கிறது.

என் மேல் கோபம் என்றால் என் மேலேயே காட்டுங்கள். மீதி சத்தியத்தையும் செய்துகொள்ளுங்கள், எழுதவும் மாட்டேன் என்று. உடம்பின் மேல் காட்டாதீர்கள். நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் நான் பெரியப்பா படத்தைத் திருப்பி வைக்கிறேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஒரு வரி எழுதுங்கள். புளி போதவில்லை என்றாவது எழுதுங்கள்.

லோஷினி


வெள்ளி, 9 மே 2025

லோஷினிம்மா,

கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. போன வாரம் திங்கட்கிழமைக்குப் பிறகு இல்லை. உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், பதறாமல் வாசி. இப்போது நன்றாக இருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பாய்லர் படி ஏறினேன். பாதிப் படியில் நெஞ்சை யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அது எந்தப் படி என்று பார்த்தேன். அண்ணன் உட்கார்ந்த படிதான். அன்றைக்கு நான் கீழே நின்று, "என்னாண்ணே, வயசாயிருச்சா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். இதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. கத்தினேன். ஆலை வேனில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். நீ கடையிலிருந்து வரும்போது தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். நீ என் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குத் தெரியும்மா. கண்ணைத் திறந்தால் சத்தியம் போய்விடும் என்று திறக்கவில்லை.

முந்தாநாள் ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். இப்போதைக்கு அடைப்பு தெரியவில்லை, அன்றைக்கு வந்தது எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாத்திரை தொடங்கிவிட்டேன். சாப்பாட்டாலும் நடையாலும் கொஞ்சம்தான் இறங்குமாம், எங்கள் குடும்பத்து ரத்தத்துக்கு மாத்திரையும் வேண்டுமாம். மாத்திரை இருக்கிறதே என்று சாப்பாட்டையும் நடையையும் விட்டாலும் கதை முடிந்ததாம். மூன்றும் சேர்ந்துதான். ஆலையில் சொன்னேன். யாரும் துடைப்பத்தைக் கையில் கொடுக்கவில்லை. மானேஜரே தன் மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார்.

நீ வைத்ததைச் சாப்பிடாதது பயத்தால். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, கஞ்சியை மட்டும் நம்பினேன். நேற்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. புளி போதவில்லை.

இன்னொன்று. கிளினிக்கில் அந்தச் சின்ன டாக்டர் கடைசியில் சொன்னது: "இது பிள்ளைங்களுக்கும் வந்திருக்கலாம். மகளுக்கும் ரத்தம் பாத்துருங்க." இத்தனை நாளும் எனக்குப் பயமே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். படியில் உட்கார்ந்தபோது வந்த பயம்கூட என்னைப் பற்றித்தான். இதைக் கேட்டபோது வந்த பயம் வேறு மாதிரி. வியாழக்கிழமை காலையில் ரெண்டு பேரும் போவோம். ஊசி வலிக்காது. நான் பக்கத்தில் நிற்பேன்.

நடைதான் சிக்கல். சோதனைக்குப் பிறகு ரெண்டு நாள் திடலில் தனியாக நடந்து பார்த்தேன். வேகம் சரியா, கூடுதலா என்று தெரியவில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நான் யாரிடம் பேசிப் பார்ப்பது? மைலோவைத் தூக்கிக்கொண்டு போனேன். பாதியில் குதித்து ஓடிவிட்டது. பக்கத்துக் கம்பத்துப் பையன்கள் சிரித்தார்கள்.

இன்று விடியற்காலை வேலை முடிந்து வந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். "அப்பனே, டாக்டர் பேசச் சொல்றாங்க. நான் என்னா பண்றது?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுத்தும் சொல்லவில்லை.

நாளை சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு நான் வாசலில் நிற்பேன். அரை மணி நேரம்தான், அதற்குப் பிறகு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். உனக்குக் கூச்சமாக இருந்தால் வர வேண்டாம். வந்தால் நல்லது.

அப்பா


சனி, 10 மே 2025

அன்புள்ள அப்பா,

இன்னும் ஐந்து மணி ஆகவில்லை. நீங்கள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். "வருவாளா மாட்டாளா, கேட்டுச் சொல்லு" என்று மைலோவிடம் சொல்வது இங்கே கேட்கிறது. அது என் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேரம் பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மாவைப் பற்றிச் சொல்லலாம். ஜாஹிதா அக்கா என்னை முன்பக்கம் கல்லாவில் உட்காரச் சொல்வதைச் சொல்லலாம், நான் மாட்டேன் என்பதையும். அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் அந்தப் படியில் உட்கார்ந்ததை எழுதிய பக்கத்தை நாலு முறை வாசித்துவிட்டேன். திடலில் உங்களுக்கு மூச்சு வாங்கினால் அது நல்ல மூச்சா, கெட்ட மூச்சா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நீங்கள் பேச்சை நிறுத்தினால் நான் பயந்துவிடுவேன். அதனால் நிறுத்தாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் திட்டுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருப்பீர்கள், அது அரை மணி நேரத்துக்குத் தாராளமாகப் போதும். நீங்கள் பாட ஆரம்பித்தால் வேகத்தைக் கூட்டச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை நான் வருகிறேன். ஊசிக்குப் பயம் இல்லை. முடிவுக்குத்தான்.

செருப்போடு நடக்கக்கூடாது என்று கிளினிக் தாளில் போட்டிருக்கிறது. என்னிடம் சப்பாத்து கிடையாது. நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். உள்ளே கடையில் திணித்த தாள் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். விரல் நுனி கொஞ்சம் இடிக்கிறது. கயிற்றைக் கட்டிவிட்டேன்.

இதைக் கூடைக்குள் வைக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறேன்.